கிருபாவதி கேட்டு வாங்கிய பால்பற்கள்

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற சாலையில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. போர்டில் டாக்டர் முத்துராஜா என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அனுமந்தன்பட்டியிலிருந்தும் கோம்பையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார்கள் கதவைத் தள்ளியதும் முதலில் கேட்டது, "கிருபாக்கா இருக்காகளா?" என்றுதான். இல்லையென்றால் சாயங்காலம் வருகிறோம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

கிருபாவதி முழுசாகப் படித்த நர்ஸ் இல்லை. நர்சிங்கில் ஒரு வருஷம் போனாள். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. இருபத்திரண்டு வயதில் இந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முத்துராஜாவும் அப்போதுதான் படித்து முடித்து, ஒற்றை நாற்காலியைப் போட்டுத் தொழில் தொடங்கியிருந்தார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமென்ட் குழைப்பது, பல்லுக்கு அச்சு எடுப்பது எல்லாம் அங்கே நின்று கற்றுக்கொண்டதுதான். அவளுக்குக் கல்யாணம் ஆனது, கம்பத்தில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கும் ஜோஷ்வாவோடு. மகள் ஷீபா பிறந்தாள். பிரசவத்துக்கு எடுத்த மூன்று மாதத்தைத் தவிர அவள் லீவு போட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. ஊசி போடும்போது பிள்ளைகளிடம் வலிக்காது என்று சொல்ல மாட்டாள். "வலிக்கும்டா. பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும். எண்ணுவமா?" என்பாள். எட்டோ ஒன்பதோ எண்ணும்போது வலி போயிருக்கும். அடுத்த தடவை அந்தப் பிள்ளை தானாக வந்து நாற்காலியில் ஏறி உட்காரும். கிருபாக்கா சொன்னால் சொன்னபடி இருக்கும் என்ற பேர் அவளுக்கு இப்படித்தான் வந்தது. டாக்டரும் அதைக் கவனித்து வைத்திருந்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் முத்துராஜா அவளைத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். கோட்டு போட்ட இரண்டு பேர் திரையில் படம் காட்டினார்கள். விழப்போகிற பால்பல்லுக்குள் கொஞ்சம் சதை இருக்கும், அந்தச் சதையில் ஸ்டெம் செல் இருக்கும், அது இன்னும் எதுவாகவும் ஆகிவிடாத செல், எலும்பாகவும் ஆகும், நரம்பாகவும் ஆகும் என்றார்கள். பல் தானாக விழுகிறவரை விடாமல், லேசாக ஆடத் தொடங்கும்போதே எடுத்து, மருந்துத் தண்ணீரில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் நைட்ரஜன் குளிரில் இருபது வருஷம் பத்திரமாக இருக்குமாம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பல் போனால் புதுப் பல்லையே முளைக்க வைக்கலாமாம். கிருபாவதிக்கு ஒரு சொல் விடாமல் மனதில் பதிந்தது. இத்தனை வருஷம் குப்பைவாளியில் கொட்டியதை நினைத்துக்கூட வருத்தப்பட்டாள்.

திரும்பி வரும்போது காரில் முத்துராஜா சொன்னார்: "நான் சொன்னா வியாபாரம்னு நினைப்பாக கிருபா. நீ சொன்னா கேப்பாக."

அவள் சொன்னாள். அவர்களும் கேட்டு, டாக்டரிடம் பணம் கட்டினார்கள். ஒவ்வொரு பல்லையும் எடுத்ததும் கம்பெனிப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதும், பேரையும் தேதியையும் சீட்டில் எழுதிச் சின்னச் சீசாவில் ஒட்டுவதும் அவள் வேலை. சனிக்கிழமைதோறும் ஐஸ் பெட்டியை முத்துராஜா தன் காரில் எடுத்துக்கொண்டு போவார், தேனியில் கொரியரில் கொடுக்க. ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வரும். பொன்னிற ஓரம், நடுவில் பிள்ளையின் பெயர். சிலர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

இரண்டாவது வருஷம் ஷீபாவுக்குப் பல் ஆடியது. "உம் பொண்ணுக்கு நான் காசு வாங்குவேனா? என் கணக்குல இருக்கட்டும்," என்றார் முத்துராஜா. அன்றைக்குக் கிருபாவதி வீட்டுக்குப் போய் ஜோஷ்வாவிடம் அதை இரண்டு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு தயங்குகிற தாய்மார்களிடம் அவளுக்குச் சொல்ல இன்னொன்றும் கிடைத்தது. "எம் மக பல்லையே குடுத்திருக்கேன் தாயி. தெரியாமலா குடுப்பேன்?"

அப்படிச் சொல்லி வாங்கியதில் ஒன்று தமிழ்மாறனின் பல். அவனுடைய அம்மா அய்யம்மாள் அனுமந்தன்பட்டிக்காரி. திராட்சைத் தோட்டத்தில் காய் வெட்டப் போகிறவள். அவள் புருஷன் மொக்கைச்சாமி லோடு வண்டி ஓட்டுகிறார். வெட்டு சீசனில் தோட்டத்தில் சேர்த்த பணத்தை வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்தார்கள். அய்யம்மாள் மூன்று தடவை வந்து கேட்டாள். மூன்றாம் தடவை, "நீங்க சொல்றீகள்ல அக்கா, அது போதும்," என்று அந்தப் பணத்தைக் கட்டிப் பையனை நாற்காலியில் ஏற்றினாள். அவனுக்கு அப்போது ஆறரை வயது.

இரண்டு வருஷம் கழித்து, போன வருஷம் ஆனி மாதம், தமிழ்மாறன் வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டிப்போய் மதகுச் சுவரில் மோதினான். புதிதாக முளைத்திருந்த முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அவசரத்துக்கு முத்துராஜா உடைந்த இடத்தைச் சிமென்டால் மூடி அனுப்பினார். மூன்று வாரத்தில் பல் சாம்பல் நிறமானது. ஈறில் சின்னக் கொப்புளம் வந்தது. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று கிருபாவதிக்குப் பார்த்ததும் தெரிந்தது. எட்டரை வயதுப் பையன். வேர் முழுசாக வளர்ந்திருக்காது, சுவர் மெலிசாக இருக்கும், நுனி திறந்தே கிடக்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல அடைத்துவிட்டால் பின்னாளில் ஒரு கடியில் முறிந்துவிடும்.

அய்யம்மாள் கண்ணாடிச் சட்டத்தோடு சான்றிதழைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"இதுக்குத்தானக்கா வச்சோம்? இப்ப எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

கிருபாவதிக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அவள் அறிந்து அந்தச் செல்லுக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்திருக்கிறது. சான்றிதழில் இருந்த நம்பருக்கு அடித்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இன்னொரு நம்பரில் இந்தி பேசிய யாரோ தவறான எண் என்று வைத்தார். முத்துராஜாவிடம் போனாள்.

"கம்பெனி பேரு மாறியிருக்கு. நான் பேசுறேன். ஒரு வாரம் பொறு," என்றார்.

ஒரு வாரம் இரண்டானது. இரண்டு ஐந்தானது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அய்யம்மாள் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பையனோடு வந்து பெஞ்சில் உட்காருவாள். முத்துராஜா வேறு வழியும் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, "வந்துக்கிட்டு இருக்கு," என்பார். ஆறாவது வாரம் பையனின் மேலுதடு வீங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் கிருபாவதி அவரிடம் கேட்காமலே அய்யம்மாளிடம் சொன்னாள்:

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வந்துரு. மதுரைக்குப் போவோம். நான் கூட வர்றேன்."

மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. பிள்ளைகள் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஜெபா. நாற்பது வயது இருக்கும். பையனைப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கடைசியாகச் சான்றிதழை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இதை யாரும்மா குடுத்தது?"

கிருபாவதி சொன்னாள். ஓட்டல் மாடியில் கேட்டதை எல்லாம் சேர்த்தே சொன்னாள். டாக்டர் ஜெபா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவங்க சொன்னதுல கொஞ்சம் நிஜம் இருக்கு," என்றார். "பால்பல்லுல அந்தச் செல் இருக்கறது நிஜம். வெளிநாட்டுல கொஞ்சம் பிள்ளைகளுக்கு, இவனை மாதிரியே அடிபட்டுச் செத்த முன்பல்லுக்குள்ள, அவங்க பால்பல் செல்லை வளர்த்து வச்சு, திரும்ப ரத்தம் ஓட வச்சிருக்காங்க. அதுவும் நிஜம். ஆனா அது ஆராய்ச்சி. ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்கிற வைத்தியமா அது இன்னும் வரல. முழுப் பல்லை மனுஷன் வாயில இப்படி முளைக்க வச்சதா நான் கேள்விப்படல."

"அப்ப எங்க பல்லு அங்கன இருந்தும் பிரயோஜனம் இல்லையா டாக்டர்?" என்றாள் அய்யம்மாள்.

"இருக்கான்னே எனக்குத் தெரியலம்மா. நம்ம நாட்டுல தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேற எதையும் இப்படிக் காசு வாங்கிச் சேமிக்க அனுமதி கிடையாது. அப்படி ஒரு இடம் நடந்தா அதுவே தப்பு."

அய்யம்மாள் கிருபாவதியைத் திரும்பிப் பார்த்தாள். கிருபாவதி தரையைப் பார்த்தாள்.

டாக்டர் ஜெபா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "வேர் நுனி இன்னும் திறந்திருக்கு. அது நல்லது. உள்ளே கழுவி மருந்து வைப்பேன். சீழ் நின்னதும் நுனியில லேசா ரத்தம் கசிய வச்சு மேல மூடுவேன். அந்த ரத்தத்தோட இவன் வேர்நுனியில இருக்கற செல்லே உள்ள வரும். அதுக்கு எந்த பேங்கும் வேண்டாம். வேர் கொஞ்சம் தடிக்கலாம். தடிக்காமலும் போகலாம். இத்தனை வாரம் சீழோட விட்டிருக்கக் கூடாது." பிறகு, பால்பல் எடுத்த சமயம் பிடித்த பழைய எக்ஸ்ரே இருந்தால் அடுத்த வாரம் கொண்டு வாருங்கள், வேர் அப்போது எவ்வளவு இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றார்.

அந்த எக்ஸ்ரேயைத் தேடித்தான் கிருபாவதி மாடிக்குப் போனாள்.

பழைய எக்ஸ்ரே உறைகள் மாடி அறையில் கிடந்தன. முத்துராஜாவிடம் கேட்டதற்கு, "நானே எடுத்துத் தர்றேன்," என்றார். மூன்று நாள் கேட்டும் எடுத்துத் தரவில்லை. மறுநாள் மதுரைக்குப் போக வேண்டும். மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரம், மேசை இழுப்பறையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஏறினாள். பழைய நாற்காலி, உடைந்த விளக்கு, அதற்குப் பின்னால் எக்ஸ்ரே அலமாரி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் தெர்மகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐஸ் பெட்டி எதற்கு இங்கே என்று ஒன்றைத் திறந்தாள்.

உள்ளே சீசாக்கள். சில சீசாக்களில் ரோஸ் நிற மருந்துத் தண்ணீர் வற்றி அடியில் பிசினாக ஒட்டியிருந்தது. அதில் பற்கள். சீட்டுகளில் அவளுடைய எழுத்து. கவிஸ்ரீ, கோம்பை. இர்பான், உத்தமபாளையம். தமிழ்மாறன், அனுமந்தன்பட்டி. பெட்டி பெட்டியாகத் திறந்தாள். நான்காவது பெட்டியில் ஷீபா என்று எழுதியிருந்தது. மகள் பெயர் என்பதால் அந்தச் சீட்டில் மட்டும் கொஞ்சம் அழகாக எழுதியிருந்தாள்.

கடைசிப் பெட்டிக்கு அடியில் எழுதாத சான்றிதழ்கள் ஒரு கட்டு கிடந்தன. மேலட்டையில் தேனியில் உள்ள ஒரு அச்சகத்தின் பெயர்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தேதிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் எட்டு மாதத்துப் பற்கள் எதுவும் அங்கே இல்லை. அவை எங்கேயோ போயிருக்கின்றன. அதற்குப் பிறகு எடுத்த அத்தனையும் இங்கேதான் இருக்கின்றன. ஷீபாவின் பல்லை, என் கணக்கில் இருக்கட்டும் என்று அவர் வாங்கிய அன்றைக்கு, அதை அனுப்ப இடமே இல்லையென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முத்துராஜா வாசலில் நின்றார். பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"கம்பெனிக்காரன் பல்லு வாங்குறத நிறுத்திட்டான் கிருபா. திரும்ப வாங்குவான்னுதான் பாத்தேன்."

"மூணு வருசமாவா சார்?"

"நான் என்ன செய்யச் சொல்ற? வந்தவுக எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாக. இன்னொரு கம்பெனி கிடைச்சா மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர், மறைக்க வேண்டிய எதையும் சொல்வதுபோல் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "உனக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சா உன் முகத்துலயே தெரிஞ்சிரும். நீ நம்பிச் சொன்னாத்தான் அவுகளும் நம்புவாக. அதனாலதான் சொல்லல."

பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளைத் திட்டியிருக்கிறார். சம்பளத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார். எதுவும் அவளுக்கு இந்த அளவுக்கு உறைத்ததில்லை. அவள் நல்லவள் என்பதை அவர் ஒரு கருவியைப்போல் எடுத்து உபயோகித்திருக்கிறார், அவளுக்குத் தெரியாமல். அதைப் பாராட்டுகிற தொனியில் வேறு சொல்கிறார்.

"எம் மக பல்லையுமா சார்?" என்றாள்.

எக்ஸ்ரே உறையைத் தேடி எடுத்தாள். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். அவர் தடுக்கவில்லை. வெளியே காத்திருந்த நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் மதுரையில் டாக்டர் ஜெபா பையனுக்கு முதல் மருந்து வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது, உசிலம்பட்டி தாண்டியதும், கிருபாவதி அய்யம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சீசாவைக் கையில் கொடுத்தாள். அய்யம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். சின்னமனூர் வந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"அந்தாளு ஏமாத்தினாரு, சரி. அவர நான் எங்க நம்புனேன்? உங்களத்தான நம்புனேன்."

"எனக்குத் தெரியாது ஆத்தா."

"தெரியாம எதுக்குக்கா அம்புட்டு உறுதியாச் சொன்னீக?"

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கிருபாவதி வீடு வீடாகப் போனாள். ஜோஷ்வா வேண்டாம் என்றார். "உன்னைத்தான் பிடிப்பாக. விட்டுரு," என்றார். அவள் கேட்கவில்லை. கோம்பையில் ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, போனால் போகிறது அக்கா என்றார்கள். உத்தமபாளையத்தில் இர்பானின் தாத்தா சீசாவைக் கையில் வாங்காமல், "இத வச்சு நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டார். ஒரு வீட்டில் அவள் பேசி முடிக்கும்முன் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண், "உனக்கு இதுல எம்புட்டுக் கமிஷன்?" என்று தெருவில் வைத்துக் கேட்டாள். கிருபாவதி ஒன்றும் வாங்கவில்லை என்று சொன்னாள். அதை அந்தப் பெண் நம்பவில்லை. நம்பாததைக் குற்றம் சொல்லவும் கிருபாவதிக்கு வாய் வரவில்லை.

அவளும் இன்னும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுத் தேனியில் சுகாதாரத் துறைக்கு ஒரு புகார் அனுப்பினார்கள். முத்துராஜாவின் வக்கீலிடமிருந்து வந்த பதிலைப் படித்தபோதுதான் அவருடைய முழுத் திட்டமும் அவளுக்குப் புரிந்தது. பால்பல் சேமிப்பு என் ஆஸ்பத்திரியின் வேலை அல்ல, கிருபாவதி என்ற ஊழியர் அந்தக் கம்பெனிக்கு ஏஜென்டாகத் தனியாக நடத்தியது, படிவத்திலும் சீட்டிலும் இருப்பது அவருடைய கையெழுத்துதான், என் எழுத்து ஒன்றில்கூட இல்லை என்று அதில் இருந்தது. அது உண்மை. ஒன்றில்கூட இல்லை. பல்லைப் பிடுங்கிக் கையுறையைக் கழற்றிவிட்டு, "கிருபா, எழுதிரு," என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நினைவு வந்தது.

விசாரணை தேனியில், தை மாதம் நடந்தது. புகாரில் கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் நான்கு பேர் வரவில்லை. அவர்களுக்கு முத்துராஜா பணத்தைத் திருப்பிக் கொடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கியிருந்தார். அய்யம்மாள் வருவாள் என்று கிருபாவதி எதிர்பார்க்கவில்லை. அவள் புகாரிலேயே சேரவில்லை. ஆனால் அதிகாரி கூப்பிட்டு அனுப்பியதும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பல்லை எடுத்தது யாரும்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"டாக்டருதான் எடுத்தாக."

"பணத்தை யார் கையில குடுத்தீங்க?"

"டாக்டர் கையில. எங்ககிட்டப் பேசினதும் அந்தக்காதான், எழுதினதும் அந்தக்காதான். காசு வாங்கல. அதை நான் எங்கன வேணாலும் சொல்லுவேன்."

முத்துராஜா எதிர் நாற்காலியில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி திறந்துதான் இருக்கிறது. கூட்டம் குறைந்ததாகவும் தெரியவில்லை. கிருபாவதிக்குப் பக்கத்து ஊர் பல் டாக்டர்கள் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும், "நீ நல்லா வேலை செய்வன்னு தெரியும்மா, ஆனா பேரு அடிபட்டிருச்சே," என்று சொல்லி அனுப்பினார். இப்போது சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் சீட்டு எழுதுகிறாள். ஷீபா ஒருநாள், "என் பல்லை நீ தூக்கிப் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்லவில்லை.

விசாரணை முடிந்த அன்று தேனி பஸ் நிலையத்தில் கம்பம் வண்டிக்காக மூவரும் நின்றார்கள். அய்யம்மாள் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். போன வாரம் மதுரையில் எடுத்த எக்ஸ்ரே. கிருபாவதி அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நுனியில் இருந்த கறுப்பு சுருங்கியிருந்தது. வேர்ச் சுவர் ஒரு பக்கம் மட்டும் ஒரு நூல் அளவு தடித்திருந்தது. மறுபக்கம் பழையபடியே இருந்தது.

"நல்லாயிருக்கா?" என்றாள் அய்யம்மாள்.

கிருபாவதி இன்னொரு தடவை பார்த்தாள்.

"சீழு போயிருச்சு. அது நிச்சயம். பல்லு நிக்குமான்னு எனக்குத் தெரியல ஆத்தா. அந்த டாக்டருக்கும் இப்பத் தெரியாது. வருசக்கணக்காப் பாக்கணும்."

அய்யம்மாள் தலையை ஆட்டி உறையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பஸ் வந்தது. பையனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்படியில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. அதில் பையை வைத்துக்கொண்டாள். கிருபாவதி பின்படியில் ஏறி, மண்டிக்கு இறங்க வேண்டிய சின்னமனூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.